ஏற்காடு எஸ்டேட் பாதைக்கு வி-கிராஸில் 3 அங்குல லிஃப்டும் 33 அங்குல டயரும் தேவையா?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். செகண்ட் ஹாண்டில் வாங்கிய இசுசு வி-கிராஸ் 4x4 பிக்கப், கம்பெனி கொடுத்த 255/60 ஆர்18 டயர். வீடு கோரிமேட்டில். வாரக் கடைசியில் குடும்பத்தோடு நாகலூர் தாண்டி மாமனார் காபித் தோட்டத்துக்குப் போகிறீர்கள், கடைசி 3 கிலோமீட்டர் மண் பாதை. ஐப்பசி மழையில் இரண்டு தடவை மாட்டி, டிராக்டர் வைத்து இழுத்தார்கள். கடைக்காரர் 3 அங்குல லிஃப்டும் (சஸ்பென்ஷனை மாற்றி வண்டியை உயர்த்துவது) 33 அங்குல டயரும் போட்டால் எங்கேயும் நிற்காது என்கிறார், 2.25 லட்சம் கேட்கிறார். 'போடலாமா, ஊசி வளைவில் ஆபத்தா, அண்ணன்மார்கள் யாராவது சொல்லுங்கள்' என்று முடித்திருக்கிறீர்கள். என் கணக்கில் கேள்வி இதுதான்: உங்கள் வண்டிக்குப் பற்றாதது உயரமா, பிடிமானமா? இதற்குப் பதில் தெரிந்தால் பணத்தை எதில் போடுவது என்று தானாகவே தெரிந்துவிடும்.

நான் ஆட்டோமொபைல் டிப்ளமோ படித்துவிட்டு சேலத்தில் 22 வருஷமாகப் பட்டை (லீஃப் ஸ்ப்ரிங்), ஷாக், வீல் அலைன்மென்ட் வேலை செய்கிறவன். லாரி, பிக்கப், எஸ்டேட் ஜீப் எல்லாம் பார்த்திருக்கிறேன். லிஃப்ட் போட்ட வண்டிகள் கடந்த ஏழெட்டு வருஷமாகத்தான் நிறைய வருகின்றன. போட்ட அன்றைக்கு அவை என்னிடம் வருவதில்லை. ஆறு மாதம் கழித்து ஸ்டியரிங் ஆடுகிறது, ஆக்சில் முனை ரப்பர் பூட் கிழிந்துவிட்டது, டயர் ஒரு பக்கம் மட்டும் தேய்கிறது என்று வரும்போதுதான் பார்க்கிறேன். அதனால் நான் பார்த்ததில் கெட்டுப்போன வேலைகளே அதிகம். நன்றாக ஓடுகிற லிஃப்ட் வண்டிகளும் உண்டு, அவை என் பட்டறைக்கு வருவதில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

வண்டி மாட்டுவதில் இரண்டு விதம் உண்டு. ஒன்று, வயிறு தரையில் உட்கார்ந்து சக்கரம் தொங்குவது. இன்னொன்று, வயிறு எங்கும் தொடாமல் சக்கரம் மட்டும் இருந்த இடத்திலேயே சுற்றுவது. உங்கள் வார்த்தையையே எடுத்துக்கொள்கிறேன்: '4எச் போட்டும் ஒரு முன் சக்கரமும் ஒரு பின் சக்கரமும் சுற்றிக்கொண்டே இருந்தன, அடியில் எதுவும் தட்டவில்லை.' 4எச் என்றால் நான்கு சக்கரத்துக்கும் இழுவை போகிற சாதாரண வேக நிலை. அதிலும் இப்படிச் சுற்றினால் இது இரண்டாவது வகை. இடது வலது சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கிற டிஃப்ரன்ஷியலின் குணமே அதுதான், எந்தச் சக்கரத்துக்குப் பிடிமானம் இல்லையோ அதைத்தான் சுற்றும். நீங்கள் போட்டிருந்த படத்தில் டயரைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ரோட்டு டயர், பாதிக்கு மேல் தேய்ந்தது. காடிகள் இருக்கிற இடமே தெரியாமல் செம்மண் அப்பி, சப்பாத்தி மாவை வழித்துப் பூசியது போல வழவழவென்று இருக்கிறது. அந்த டயரை 3 அங்குலம் உயர்த்திய வண்டியில் மாட்டினாலும் அதே இடத்தில்தான் சுற்றும், வண்டி மட்டும் கொஞ்சம் உயரமாக நிற்கும்.

சேர்வராயன் மலை மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. மேல் தளத்தில் பாக்சைட் படிந்த செம்மண், அடியில் சார்னகைட் பாறை. காய்ந்திருக்கும்போது அந்தச் செம்மண் சிமென்ட் போல இருக்கும். இரண்டு நாள் தூறினால் மேலே ஓர் அங்குலம் மட்டும் சோப்பு மாதிரி ஆகி, அடியில் கெட்டியாகவே இருக்கும். உளைச் சேறு மாதிரி ஆளை முழுங்குகிற சேறு இங்கே குறைவு. மேல் வழுக்கலைக் கிழித்துக்கொண்டு கீழே உள்ள கெட்டித் தரையைத் தொடுகிற டயர்தான் இங்கே ஜெயிக்கும். அந்தக் காலத்து எஸ்டேட் ஜீப்புகளை யோசித்துப் பாருங்கள். வில்லிஸ் ஜீப்புக்கு வந்த டயர் 6.00-16. உங்கள் டயரை விட உயரமும் கம்மி, அகலமோ கிட்டத்தட்ட பாதிக்குக் கொஞ்சம் மேல். அந்த ஒல்லியான பட்டன் டயரோடு காபி மூட்டை ஏற்றிக்கொண்டு இதே மலையில் ஏறி இறங்கின. வண்டி சுமார் ஒரு டன், லோ கியர், மண்ணைக் கடிக்கிற பட்டன். அவற்றுக்கு உயரம் பெரிய விஷயமாகவே இல்லை. உங்கள் வண்டி காலியாகவே இரண்டு டன்னை நெருங்கும் என்பதால் அதே சுலபம் வராது, ஆனால் பாடம் அதேதான்.

சரி, லிஃப்ட் என்ன செய்யும், என்ன செய்யாது என்பதற்கு வருவோம். இது சந்தேகமே இல்லாத பகுதி. உங்கள் வண்டியில் பின்பக்கம் பட்டையும் ஒரே துண்டு ஆக்சிலும். லிஃப்ட் போட்டால் பட்டைக்கு மேலே இருப்பதுதான் உயரும், அதாவது சேஸியும் பாடியும். ஆக்சில் டயரின் நடுவில் மாட்டியிருக்கிறது, அது உயராது. ஆக்சில் நடுவில் பானை போலத் தொங்குகிற க்ரௌன் ஹவுசிங்தான் பின்பக்கத்தில் ஆகத் தாழ்ந்த இடம். எஸ்டேட் பாதையில் இரண்டு சக்கரத் தடத்துக்கும் நடுவே புல் முளைத்த மேடு இருக்குமே, அதில் உரசுவது அந்தப் பானைதான். வேண்டுமானால் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். ஹவுசிங்கின் முன் முகத்தில் பெயின்ட் தேய்ந்து பளபளவென்று, புல் நார் ஒட்டியிருந்தால் அங்கே உரசுகிறது என்று அர்த்தம். அதை உயர்த்த ஒரே வழி டயரின் விட்டத்தைக் கூட்டுவது, அதிலும் கூடுகிற விட்டத்தில் பாதிதான் கிடைக்கும். 255/60 ஆர்18 டயரின் விட்டம் 763 மில்லிமீட்டர். கடைக்காரர் சொல்லும் 33 அங்குலம் என்பது 285/75 ஆர்16 போன்ற ஒரு டயர், விட்டம் சுமார் 834. வித்தியாசம் 71, ஹவுசிங் உயர்வது 35 மில்லிமீட்டர், இரண்டு விரல் கனம். 2.25 லட்சத்தில் ஆக்சிலுக்குக் கிடைப்பது அவ்வளவுதான்.

லிஃப்டினால் நிஜமாகவே கிடைப்பது ஒன்று உண்டு, அதை மறைக்க மாட்டேன். உங்கள் வண்டியின் முன் பின் சக்கரத்துக்கு இடையே 3,095 மில்லிமீட்டர். இவ்வளவு நீளமான வண்டி ஒரு மேட்டின் மேல் ஏறி இறங்கும்போது நடு வயிறு தட்டும். கம்பெனி சொல்லும் தரை இடைவெளி 225 மில்லிமீட்டரை வைத்துக் கணக்குப் போட்டால், தட்டாமல் தாண்டக்கூடிய மேட்டின் கோணம் சுமார் 16½ டிகிரி. 40 மில்லிமீட்டர் உயர்த்தினால் 19 டிகிரிக்குக் கொஞ்சம் மேல் வரும், 75 உயர்த்தினால் 22க்குக் கொஞ்சம் குறைவு. முன் பம்பர், பின் பம்பர் தட்டுவதும் குறையும். தோட்டத்துக்குள் குறுக்கே ஓடும் வடிகாலைத் தாண்டும்போது உங்கள் ஃபுட்போர்டு அடி வாங்குகிறது என்றால், சின்ன லிஃப்டுக்கு அர்த்தம் இருக்கிறது. நீங்கள் அப்படி எதுவும் எழுதவில்லை.

இனி அந்த 3 அங்குலத்துக்குக் கொடுக்கிற விலை. முன்பக்கம் உங்களுக்குத் தனித்தனி ஆர்ம், காயில் ஸ்ப்ரிங். டிஃப்ரன்ஷியல் சேஸியில் உட்கார்ந்திருக்க, அதிலிருந்து இரண்டு பக்கமும் ஆக்சில் சக்கரத்துக்குப் போகிறது. பாடியைத் தூக்கினால் டிஃப்ரன்ஷியலும் சேர்ந்து மேலே போகும், சக்கரம் கீழேயே நிற்கும், ஆக்சில் சாய்வாகிவிடும். அதன் முனையிலுள்ள ரப்பர் பூட் விசிறி மடிப்பு மாதிரி இருக்கும். சரியான கோணத்தில் எல்லா மடிப்பும் ஒரே சீராக இருக்கும். கோணம் அதிகமானால் மேல் பக்கத்து மடிப்புகள் ஒன்றையொன்று உரசும், கீழ்ப் பக்கம் இழுபடும். உரசுகிற இடத்தில்தான் கிழியும். கிழிந்த ஒரு வாரத்தில் கிரீஸ் வெளியே தெறித்து மண் உள்ளே போய், ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திரும்பும்போது டக் டக்கென்று சத்தம் வர ஆரம்பிக்கும். ஏற்காட்டில் 20 ஊசி வளைவு, ஏற இறங்க 40 தடவை முழு ஒடிப்பு. அதோடு மேல் ஆர்ம் தொங்கிய நிலையிலேயே நிற்பதால், சக்கரம் கீழே இறங்க இடமில்லாமல் பள்ளத்தில் காற்றில் தொங்கும். பிடிமானம் வேண்டித்தான் லிஃப்ட் போடுகிறோம், அது இருந்த பிடிமானத்தையும் பிடுங்கிக்கொள்ளும். கேம்பர், காஸ்டர் என்கிற சக்கரச் சாய்வுக் கோணங்கள் இரண்டும் மாறும், பல வண்டிகளில் அட்ஜஸ்ட்மென்ட் போல்ட்டை முழுக்கத் திருப்பினாலும் அளவுக்குள் வராது. அதற்கு வேறு மேல் ஆர்ம் போட வேண்டும். ஷாக்குக்கு மேல் வெறும் ஸ்பேசர் வட்டை வைத்து உயர்த்துகிறவர்கள் இதையெல்லாம் சொல்வதில்லை. 2.25 லட்சத்தில் மேல் ஆர்ம் இருக்கிறதா, டிஃப்ரன்ஷியலை இறக்கி மாட்டும் கிட் இருக்கிறதா, நீளமான பிரேக் ஹோஸ் இருக்கிறதா என்று எழுதி வாங்குங்கள்.

பின்பக்கம் பெரும்பாலும் ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவில் இரும்புக் கட்டை வைத்து, நீளமான யூ போல்ட் போட்டு இறுக்கிவிடுவார்கள். தொழிலுக்கு வந்த புதிதில் நானும் ஒரு பிக்கப்புக்கு அப்படிச் செய்திருக்கிறேன். வண்டிக்காரர் கேட்டார், செய்துகொடுத்தேன். மூன்று மாதம் கழித்து, கிளம்பும்போது பின்னால் 'தொம்'மென்று ஒரு சத்தம் வருகிறது என்று கொண்டுவந்தார். ஜாக்கி போட்டுத் தூக்கிப் பார்த்தால் யூ போல்ட் நான்கும் தளர்ந்து, கட்டை அரை அங்குலம் முன்னே நகர்ந்து, பட்டையை ஆக்சிலில் இடம் மாறாமல் பிடிக்கிற சென்டர் போல்ட்டின் தலை பாதி வெட்டுப்பட்டு நின்றது. அது முழுக்க வெட்டியிருந்தால் ஆக்சில் ஒரு பக்கம் நழுவி, வண்டி போகிற திசையே மாறியிருக்கும். அவர் மறுநாள் மிளகு ஏற்றப் போவதாக இருந்தார். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. கட்டை உயரமாக உயரமாக, ஆக்சில் கிளம்பும்போதும் பிரேக் அடிக்கும்போதும் முறுக்குகிற பலம் அதிகமாகும், பட்டை எஸ் மாதிரி வளையும். அதிலிருந்து நான் கட்டை வைப்பதில்லை. உயர்த்தத்தான் வேண்டுமென்றால் சரியான வளைவில் அடித்த புதுப் பட்டைக்கட்டு போடுவதுதான் முறை. பட்டையின் முனையைச் சேஸியோடு இணைக்கிற ஷேக்கிளை நீளமாகவும் போடுவார்கள், ஷேக்கிளை 50 மில்லிமீட்டர் நீட்டினால் வண்டி உயர்வது அதில் பாதிதான், ஆட்டம் வேறு கூடும். எதைப் போட்டாலும் முதல் 500 கிலோமீட்டரில் யூ போல்ட்டை டார்க் ரெஞ்ச் வைத்துத் திரும்ப இறுக்க வேண்டும்.

பின்பக்கத்தில் இன்னும் இரண்டு விஷயம். ஆக்சிலின் மூக்குக் கோணம் மாறினால் பின் ஆக்சிலுக்கு இழுவை கொண்டுபோகிற ப்ரொப்பல்லர் ஷாஃப்டின் கிராஸ் ஜாயின்ட் சீக்கிரம் போகும், நடு பேரிங்கில் அதிர்வு வரும். அப்புறம், சில பிக்கப்களில் பின் பிரேக்குக்கு லோடைப் பார்த்து அழுத்தம் கொடுக்கிற வால்வு இருக்கும். சேஸிக்கும் ஆக்சிலுக்கும் நடுவே ஒரு சின்னக் கம்பி, வண்டி லோடில் உட்கார்ந்தால் பின் பிரேக்கை அதிகமாக்கும், எழும்பி நின்றால் குறைக்கும். வண்டியை 3 அங்குலம் தூக்கினால் பின்னால் லோடே இல்லை என்று அந்த வால்வு நினைத்துக்கொள்ளும், மூட்டை ஏற்றினாலும் பின் பிரேக் பாதிதான் பிடிக்கும். உங்கள் வண்டியில் அந்தக் கம்பி இருக்கிறதா என்று அடியில் பாருங்கள். இருந்தால் அதைத் திரும்ப செட் செய்யாமல் யாரையும் லிஃப்ட் போட விடாதீர்கள்.

பெரிய டயரால் இழுவைக்கும் பிரேக்குக்கும் என்ன ஆகும் என்பதும் நிச்சயமான கணக்கு. விட்டம் 9 சதவீதம் கூடினால், ஒவ்வொரு கியரிலும் தரையில் கிடைக்கிற தள்ளு பலம் எட்டரை சதவீதம் குறையும். ஏறும்போது ஒரு கியர் இறக்கிச் சமாளிக்கலாம். என் கவலை இறங்கும்போது. மேலிருந்து அடிவாரம் வரை இரண்டாவது கியரில் என்ஜின் பிடித்து இறங்கின வண்டி, இப்போது அதே கியரில் வேகமாக ஓடும். அதை அடக்க பிரேக்கை அதிகமாக மிதிப்பீர்கள். பிரேக்கோ பழையதே, சக்கரம் மட்டும் பெரிது, கனமும் அதிகம். பத்தாவது வளைவு வரும்போது லைனிங் வாசனை அடித்தால், அதற்குக் கீழே இன்னும் பாதி மலை இருக்கிறது. ஸ்பீடோமீட்டரும் பொய் சொல்லும், முள் 60 காட்டும்போது நிஜ வேகம் 65க்கு மேல்.

கவிழ்கிற கணக்கைத்தான் நீங்கள் நேராகக் கேட்டீர்கள். இரண்டு பக்கச் சக்கரங்களின் இடைவெளியில் பாதியை, எடை மையத்தின் உயரத்தால் வகுத்தால் வருகிற எண் எவ்வளவு பெரிதோ, வண்டி அவ்வளவு பத்திரம். உங்கள் வண்டியில் சக்கர இடைவெளி சுமார் 1,570 மில்லிமீட்டர். எடை மையத்தை ஓர் உதாரணத்துக்கு 700 என்று வைத்துக்கொள்வோம், உங்கள் வண்டியை அளந்து சொன்ன எண் இல்லை இது. 785ஐ 700ஆல் வகுத்தால் 1.12. லிஃப்ட், டயர் இரண்டும் சேர்ந்து மையத்தை 90 உயர்த்தினால் 785ஐ 790ஆல் வகுக்க வேண்டும், 0.99. பத்து சதவீதத்துக்கு மேல் போய்விட்டது. ஊசி வளைவில் 15, 20 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவரை இதனால் ஒன்றும் ஆகாது, அதை உறுதியாகச் சொல்வேன். அந்த வளைவுகளுக்கு நடுவே இருக்கிற நீளமான வளைவுகளில் எதிரே பஸ் வந்து சடாரென்று ஸ்டியரிங்கை ஒடிக்கும்போதுதான் அந்தப் பத்து சதவீதம் தேவைப்படும். மேலே கேரியரில் சாமான், பின்னால் மூட்டை இருந்தால் இன்னும் மோசம். பின் சீட்டில் குழந்தைகள் உட்காருவார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால்தான் இவ்வளவு விளக்குகிறேன். இன்னொன்று, அகல டயர் முழு ஒடிப்பில் மட்கார்டுக்குள்ளும், பாடியைச் சேஸியில் தாங்குகிற பாடி மவுண்ட்டிலும் உரசும். உரசாமல் இருக்க ஒடிப்பைக் குறைப்பார்கள், இல்லாவிட்டால் சேஸியிலுள்ள அந்த மவுண்ட்டையே வெட்டுவார்கள். ஒடிப்பைக் குறைத்தால் ஐந்தே கால் மீட்டர் வண்டியை ஊசி வளைவில் ஒரே தடவையில் திருப்ப முடியாது, பின்னால் பஸ் ஹாரன் அடிக்க ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருப்பீர்கள். மவுண்ட்டை வெட்டுவது பற்றி எனக்கு ஒரே கருத்துதான்: வெட்டாதீர்கள். ஸ்டப்னி வேறு உங்களுக்கு பின் தொட்டிக்கு அடியில் தொங்குகிறது, 33 அங்குல டயருக்கு அங்கே இடம் இருக்காது.

சட்டம் நான் படித்தது இல்லை, தொழிலுக்குத் தேவையான அளவு தெரியும். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 படி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதைத்தான் உறுதிசெய்தது. அதே வருஷம் வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவு சேர்ந்தது, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். லிஃப்ட், 33 அங்குல டயர், வெட்டின மவுண்ட் எல்லாம் இதற்குள் வந்துவிடும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். முன்னால் இரும்பு புல் பார் போடுவதையும் 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு தடுக்கச் சொல்லிவிட்டது. ரோட்டில் நிறுத்திப் பிடிப்பார்களா என்பது ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறும், அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். விபத்து என்று ஒன்று வந்தால் இன்சூரன்ஸ் சர்வேயர் டேப்போடு வருவார், சொல்லாமல் செய்த மாற்றம் க்ளெய்மை மறுக்க நல்ல காரணம். அப்புறம், எஸ்டேட் பாதை உங்கள் மாமனாருடையது, அது சரி. அதைத் தாண்டி காப்புக் காட்டுக்குள் அனுமதி இல்லாமல் வண்டியை விட்டால் அது வனக் குற்றம்.

இப்போது, உங்கள் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்வேன் என்று சொல்கிறேன். முதலில் ஐந்து டயரையும், ஸ்டப்னி உட்பட, ஏ.டி. (ஆல் டெரெய்ன், ரோட்டுக்கும் மண்ணுக்கும் பொதுவான) டயராக மாற்றுவேன், அதே 255/60 ஆர்18 அளவில். அந்த அளவில் நல்ல வகை கிடைக்காவிட்டால் 265/60 ஆர்18, விட்டம் 775, ஒன்றரை சதவீதம்தான் வித்தியாசம். அதையும் வண்டி கையேட்டில் உள்ள அளவுகளோடு ஒப்பிட்டுவிட்டு வாங்குங்கள். டயரின் பக்கவாட்டில் அளவுக்குப் பிறகு வருகிற லோடு எண்ணைப் பாருங்கள், 112 என்றால் ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும். கம்பெனி டயரில் உள்ள எண்ணுக்குக் குறைவாக வாங்கக் கூடாது. எம்.டி. (மட் டெரெய்ன்) டயர் சேற்றுக்கு இன்னும் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் கோரிமேட்டிலிருந்து தோட்டம் வரை உங்கள் ஓட்டத்தில் கடைசி 3 கிலோமீட்டர் தவிர எல்லாம் தார் ரோடு. நனைந்த தாரில் எம்.டி. டயரின் பெரிய கட்டைகள் ஏ.டி. அளவுக்குப் பிடிக்காது, பிரேக் தூரம் நீளும். மழையில், மூடுபனியில் அந்த மலையில் இறங்குகிறவருக்கு அது சரியான பேரம் இல்லை.

அடுத்தது காற்று. இதற்குச் செலவே கிடையாது, ஆனாலும் யாரும் செய்வதில்லை. தார் ரோட்டில் வைக்கிற 32, 35 பி.எஸ்.ஐ. காற்றோடு சேற்றில் இறங்காதீர்கள். மண் பாதை ஆரம்பிக்கிற இடத்தில் நிறுத்தி 22க்கு இறக்குங்கள். டயர் நீளவாக்கில் தரையில் படியும், படிகிற இடம் நன்றாகவே கூடும், கல்லில் ஏறும்போது குதிப்பதும் குறையும். உங்களுடையது 60 ப்ரொஃபைல், பக்கச் சுவர் 153 மில்லிமீட்டர்தான், அதனால் 20க்குக் கீழே போகாதீர்கள், கல் ரிம்மில் அடிக்கும். வேகம் 20 கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம். திரும்பும்போது தார் ரோட்டில் ஏறும் முன் கட்டாயம் காற்றை ஏற்ற வேண்டும், குறைந்த காற்றில் மலை இறங்கினால் டயர் சூடாகி வெடிக்கும். பேட்டரியில் ஓடும் சின்னக் கம்ப்ரஸர் ஒன்று வாங்கி சீட்டுக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

பின் தொட்டி காலியாக இருந்ததா அன்றைக்கு? பிக்கப்பின் பின்பக்கம் காலியில் ரொம்ப லேசு, பின் சக்கரத்துக்குக் கனமே இருக்காது. 100, 150 கிலோ மணல் மூட்டையை ஆக்சிலுக்கு நேர் மேலே போட்டுக் கட்டுங்கள். கட்டாமல் விட்டால் ஊசி வளைவில் ஒரு பக்கமாக நழுவும். 4எச் போதாத இடத்தில் இறங்குவதற்கு முன்பே 4எல் (நான்கு சக்கர இழுவையில் லோ கியர்) போட்டு, முதல் அல்லது இரண்டாவது கியரில், ஆக்ஸிலரேட்டரை ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒரே சீராகப் பிடித்துப் போங்கள். சுற்ற ஆரம்பித்ததும் மேலும் மிதிப்பதுதான் எல்லாரும் செய்கிற தப்பு, மேல் வழுக்கல் இன்னும் மெழுகாகிவிடும். கால் எடுங்கள், ஒரு வண்டி நீளம் ரிவர்ஸ் வாருங்கள், தடத்தை ஒரு அடி மாற்றி மறுபடி போங்கள். தார் ரோடு வந்ததும் 4x4ஐ எடுத்துவிட வேண்டும். இந்த வண்டியில் முன்னும் பின்னும் பூட்டிக்கொள்ளும், காய்ந்த தாரில் வளைவு திரும்பினால் கியர் எல்லாம் முறுக்கிக்கொண்டு நிற்கும்.

மூன்றாவது, என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் அடியில் ஒரு நல்ல இரும்புத் தகடு. கல் இருக்கிற பாதைக்கு லிஃப்டை விட இது அவசியம். ஆயில் மாற்ற ஓட்டை விட்டிருக்கிறார்களா என்று பார்த்து வாங்குங்கள். இழுப்பதற்கு சேஸியில் உள்ள கம்பெனி கொக்கியும் ஒரு நல்ல பட்டைக் கயிறும் போதும். டிரெய்லர் மாட்டுகிற உருண்டையில் கயிறு கட்டி இழுக்க யாரையும் விடாதீர்கள், அது உடைந்தால் தோட்டா மாதிரி வரும்.

இவ்வளவும் செய்து ஒரு மழைக்காலம் ஓட்டிப் பாருங்கள். அதற்கு அப்புறமும் நடு வயிறோ ஃபுட்போர்டோ தட்டினால், 40 மில்லிமீட்டர் வரை நல்ல காயிலும் அதற்கேற்ற ஷாக்கும் பின்னால் பட்டைக்கட்டும் போடலாம். உங்கள் வண்டி தாங்கும் என்றே நினைக்கிறேன், ஆனால் இது பார்க்காமல் சொல்வது. செகண்ட் ஹாண்ட் வண்டி, பழைய பால் ஜாயின்ட்டும் புஷ்ஷும் எந்த நிலையில் இருக்கின்றன என்பது அடியில் படுத்துப் பார்த்தால்தான் தெரியும். சட்டக் கேள்வி 40க்கும் உண்டு என்பதை மறக்காதீர்கள், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். போட்டதும் அலைன்மென்ட் பார்த்து அந்த ரிப்போர்ட்டை வாங்கி வையுங்கள். ஹெட்லைட்டையும் திரும்ப இறக்கி செட் செய்யச் சொல்லுங்கள். முன்பக்கம் உயர்ந்தால் வெளிச்சம் மேலே போகும், மூடுபனியில் எதிரே வெள்ளைச் சுவர்தான் தெரியும்.

பழைய ஓனர் ஏற்கெனவே எதையாவது உயர்த்தியிருக்கலாம், அதையும் ஒரு தடவை பார்த்துவிடலாம். சமதளத்தில் காலியாக நிறுத்தி, நான்கு சக்கரத்திலும் நடு மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் வைத்து அளந்து எழுதுங்கள். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்து, முன் சக்கரத்துக்குப் பின்னால் தெரிகிற ஆக்சில் பூட்டை டார்ச் அடித்து ஒரு படம் எடுங்கள், அடுத்த பக்கமும் அதே மாதிரி. நான்கு அளவையும் இரண்டு படத்தையும் இங்கேயே போட்டால், பார்த்துவிட்டு மேற்கொண்டு சொல்கிறேன்.